மருத்துவக் கல்லூரி டாக்டர்களின் கிளினிக்கல் உழைப்பை அளப்பது எப்படி? வகுக்கும் எண்ணில் தொடங்குங்கள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஏதாவது ஒரு துறையில் நீங்கள் நிர்வாகத்தில் இருந்தாலும் சரி, டேட்டா வேலை பார்த்தாலும் சரி, டாக்டராகவே இருந்து திடீரென்று டிவிஷன் சீஃப் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டாலும் சரி, ஒருநாள் இந்த வேலை உங்கள் தலையில் விழும். "நம்ம ஃபேகல்ட்டில யார் எவ்வளவு கிளினிக்கல் வேலை பார்க்கறாங்கன்னு ஒரு டேபிள் போட்டுக் கொடுங்க" என்பார் சேர்மன், அதாவது துறைத் தலைவர். கேட்க எளிதாக இருக்கும். தனியார் பிராக்டிஸில் எளிதுதான், அங்கே டாக்டர் வாரம் முழுக்க நோயாளிகளைத்தான் பார்க்கிறார். கல்லூரியில் அதே டாக்டர் திங்கட்கிழமை கிளினிக்கில் இருப்பார், செவ்வாய் லேபில், புதன் காலை பயிற்சி டாக்டர்களான ரெசிடென்ட்டுகளோடு, வருஷத்தில் சில வாரங்கள் வார்டில், நடுவே ஆராய்ச்சி நிதி கேட்டு ஒரு கிராண்ட் எழுதிக்கொண்டிருப்பார். இவரையும் வாரம் ஐந்து நாளும் கிளினிக்கில் இருப்பவரையும் ஒரே டேபிளில் போட்டு ஒப்பிடத்தான் நம்மிடம் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கில் மேலே இருப்பது ஆர்.வி.யூ. (ரிலேட்டிவ் வேல்யூ யூனிட், ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் கொடுக்கிற புள்ளி), கீழே வகுப்பது சி.எஃப்.டி.இ., அதாவது அந்த டாக்டரின் முழுநேரத்தில் கிளினிக்கல் வேலைக்கென்று ஒதுக்கிய பங்கு. மேலே உள்ளதை எல்லோரும் இரண்டு தசம இடம் வரை சரிபார்க்கிறார்கள். கீழே உள்ளதை மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு எக்செல் ஃபைலில் போட்டுவைத்த எண்ணிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சண்டையெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு சின்ன உதாரணம், எண்கள் கற்பனைதான். டாக்டர் அ வருஷத்துக்கு 3,200 ஆர்.வி.யூ., கிளினிக்கல் பங்கு 0.5. டாக்டர் ஆ 4,800, பங்கு 0.9. வகுத்தால் அ-வுக்கு 6,400, ஆ-வுக்கு 5,333. அ பெரிய உழைப்பாளி, போனஸ் கொடுங்கள். இப்போது அ-வின் உண்மையான பங்கு 0.6 என்று தெரியவருகிறது என்று வையுங்கள். 3,200-ஐ 0.6-ஆல் வகுத்தால் அவருக்கும் அதே 5,333. வெறும் 0.1 வித்தியாசத்தில் போனஸ் காற்றில் போய்விட்டது. ரன் மட்டும் எண்ணி, எத்தனை இன்னிங்ஸ் என்று பார்க்காமல் பேட்ஸ்மேனை எடைபோடுகிற மாதிரி.

ஆர்.வி.யூ. பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

ஹார்வர்டில் வில்லியம் ஷியாவ் என்பவரின் குழு 1980-களின் பிற்பகுதியில் ஒரு பெரிய ஆய்வு செய்தது. ஒவ்வொரு மருத்துவச் சேவைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு திறமை, எவ்வளவு மன அழுத்தம் தேவை என்று ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு எண் கொடுத்தார்கள். அதை அடிப்படையாக வைத்த கட்டண முறையை, முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் 1992 ஜனவரி 1 முதல் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு சி.பி.டி. கோடுக்கும், அதாவது பில்லில் ஒவ்வொரு சேவையையும் குறிக்கிற எண்ணுக்கும், மூன்று பாகம்: டாக்டரின் உழைப்பு, பிராக்டிஸ் நடத்தும் செலவு, மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ். மூன்றையும் இடத்துக்கு ஏற்பச் சரிசெய்து கூட்டி ஒரு டாலர் எண்ணால் பெருக்கினால் கட்டணம் வரும். 2025-ல் அந்த எண் 32.35 டாலர்.

நமக்கு வேண்டியது முதல் பாகம் மட்டும், அதைத்தான் ஒர்க் ஆர்.வி.யூ. என்பார்கள். கீழே நான் ஆர்.வி.யூ. என்று சொல்வதெல்லாம் அதைத்தான். பழைய நோயாளி ஒருவர் கிளினிக்குக்கு வரும்போது போடுகிற 99213-க்கு 1.30, அதைவிடச் சிக்கலான 99214-க்கு 1.92, ஐ.சி.யூ.வில் முதல் ஒரு மணி நேரம் போலக் கவனிப்பதற்கான 99291-க்கு 4.50.

வசூலான பணத்தை வைத்து அளக்கக் கூடாதா என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் ஃபைனான்ஸ்காரர். கூடாது. ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகெய்டில் இருப்பவர்களையும் இன்ஷூரன்ஸே இல்லாதவர்களையும் பல ஊர்களில் அதிகம் பார்ப்பது யூனிவர்சிட்டி மருத்துவமனைதான், அந்தக் கிளினிக்கில் உட்காருகிற டாக்டர் எவ்வளவு உழைத்தாலும் பணம் குறைவாகத்தான் வரும். அதோடு, மருத்துவமனையின் பெயரில் நடக்கிற கிளினிக்கில் இடத்துக்கும் வசதிக்குமான ஃபெசிலிட்டி கட்டணம் மருத்துவமனைக்குத் தனியாகப் போய்விடும், டாக்டர் பக்கம் வருகிற தொகை அதனாலேயே குறையும். துறை பிழைக்குமா என்று பார்க்கப் பணம் வேண்டும்தான். தனி ஆளின் உழைப்பை அதை வைத்து எடைபோடாதீர்கள்.

டேட்டாவை எடுக்கும்போது

பில்லிங் சிஸ்டத்திலிருந்து மாத மொத்தம் கேட்காதீர்கள், ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். சி.பி.டி. கோடு, மாடிஃபையர்கள் (சேவை எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று காட்டக் கோடோடு சேர்க்கிற சின்னக் குறியீடுகள்), யூனிட், சேவை நடந்த தேதி, சேவை செய்த டாக்டர், பில் போன டாக்டர், இடம். தேதி விஷயத்தில் கவனம்: பலர் பில் பதிவான தேதியை எடுத்துவிடுகிறார்கள், அப்போது ஜூன் மாத வேலை ஆகஸ்டில் வந்து உட்காரும், லீவில் போனவர் அந்த மாதம் பிரமாதமாக வேலை பார்த்தது போல இருக்கும். கடைசி இரண்டு மூன்று மாத எண்கள் எப்போதும் குறைவாகத்தான் தெரியும், சார்ஜ் வந்து சேரத் தாமதமாகும், அந்த மாதங்களை ரிப்போர்ட்டில் சேர்க்காமல் விடுவது நல்லது.

அப்புறம் மாடிஃபையர். டேஷ்போர்டுகளில் நான் பார்க்கிற மிகச் சாதாரணமான ஓட்டை இது. கோடுக்கு எதிரே உள்ள ஆர்.வி.யூ.வை யூனிட்டால் பெருக்கி விட்டுவிடுவார்கள். இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து செய்த ஆபரேஷனில் 62 போட்டிருந்தால் மெடிகேர் ஒவ்வொருவருக்கும் 62.5 சதவீதம்தான் தருகிறது. நீங்கள் இருவருக்கும் முழுசாகக் கொடுத்தால் ஒரே ஆபரேஷன் இரண்டாகிவிடும். தகுதியான ரெசிடென்ட் கிடைக்காமல் இன்னொரு சர்ஜன் உதவிக்கு நின்றால் 82, அதற்கு 16 சதவீதம். ஒரே நேரத்தில் செய்த இரண்டாவது புரொசீஜருக்குப் பொதுவாகப் பாதி. இவற்றை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை, உங்கள் துறை வேறு விகிதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏதாவது ஒன்றை எழுதி வைத்து எல்லோருக்கும் அதையே போடுங்கள்.

இன்னொன்று, பல வருஷங்களை ஒப்பிடுவதாக இருந்தால் எல்லா வருஷத்துக்கும் ஒரே வருஷத்து ஆர்.வி.யூ. பட்டியலைப் பயன்படுத்துங்கள். 2021-ல் கிளினிக் விசிட் கோடுகளின் மதிப்பை மெடிகேர் உயர்த்தியது, 99213 0.97-லிருந்து 1.30 ஆனது, 99214 1.50-லிருந்து 1.92. வருஷத்துக்கு 2,000 முறை 99213-ம் 1,000 முறை 99214-ம் போடுகிற ஒருவருக்குப் பழைய பட்டியலில் 3,440, புதிய பட்டியலில் 4,520. ஒரு நோயாளியைக்கூடக் கூடுதலாகப் பார்க்காமல் 31 சதவீத "வளர்ச்சி". அந்த வருஷம் டார்கெட்டை மாற்ற மறந்த துறைகள் போனஸ் கொடுத்தே களைத்துப் போயின. 2026-ல் இதற்கு நேர் எதிராக, நேரத்தை வைத்துக் கணக்கிடாத பெரும்பாலான கோடுகளுக்கு, புரொசீஜர், ஸ்கேன் ரிப்போர்ட் போன்றவற்றுக்கு, ஒர்க் ஆர்.வி.யூ.வில் 2.5 சதவீதம் வெட்டியிருக்கிறார்கள். ரேடியாலஜிஸ்ட் சோம்பேறியாகிவிட்டார் என்று அந்த வருஷம் யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடைய வேலை யார் கணக்கில்

கல்லூரிக்கே உரிய தலைவலி இது. ரெசிடென்ட் நோயாளியைப் பார்க்கிறார், அவருக்கு மேலே பொறுப்பில் இருக்கிற சீனியர் டாக்டரான அட்டெண்டிங்கும் வந்து முக்கியமான பகுதியில் கலந்துகொள்கிறார், பில் அட்டெண்டிங் பெயரில் போகிறது, ஜி.சி. என்ற மாடிஃபையரோடு. முழு ஆர்.வி.யூ.வும் அவருக்கே. சரி, பொறுப்பு அவருடையதுதான். ஆனால் ஜூலையில் புது இன்டர்ன்கள் வந்தவுடன் அதே கிளினிக் மெதுவாகும், ரெசிடென்சி முடித்து மேல்பயிற்சியில் இருக்கிற சீனியர் ஃபெல்லோ பக்கத்தில் இருக்கும்போது வேகமெடுக்கும். ஆக அந்த எண் டாக்டரின் எண்ணாக மட்டும் இருக்காது, அவருக்குக் கிடைத்த ட்ரெயினியின் எண்ணும் அதில் கலந்திருக்கும்.

பிரைமரி கேரில் இது இன்னும் கூர்மையாகும். அங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி முடித்த ரெசிடென்ட், சாதாரண லெவல் விசிட்டுகளைத் தானே பார்க்கலாம், அட்டெண்டிங் அறைக்குள் வரத் தேவையில்லை, ஒரே நேரத்தில் நான்கு ரெசிடென்ட்டுகள் வரை மேற்பார்வை பார்த்து பில் போடலாம். மாடிஃபையர் ஜி.இ. கணக்குப் போடுங்கள். நான்கு ரெசிடென்ட், அரை நாளில் ஆளுக்கு ஐந்து நோயாளி, எல்லாம் 99213: 26 ஆர்.வி.யூ. அதே டாக்டர் தனியாக உட்கார்ந்து அரை நாளில் ஐந்து 99213, மூன்று 99214 பார்த்தால் 12 சொச்சம். பார்க்க, சொல்லிக்கொடுக்கிறவர் இரண்டு மடங்கு உழைப்பாளி போல இருக்கும். அதனால் ஜி.சி., ஜி.இ. வரிகளைத் தனி நெடுவரிசையில் காட்டுங்கள். மொத்தத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை, தனியாகத் தெரியட்டும். மேற்பார்வை கிளினிக்கின் நேரத்தையும் தனியாகவே வகுக்கும் எண்ணில் வையுங்கள்.

டாக்டராக இல்லாமலே நோயாளியைப் பார்த்து பில் போடக்கூடிய நர்ஸ் பிராக்டிஷனர், பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டென்ட்) இருக்கிற இடங்களில் இன்னொரு சிக்கல். மருத்துவமனையில் இருவரும் சேர்ந்து பார்த்த விசிட்டை யார் பெயரில் போடுவது? 2024 முதல் விதி, நேரத்தில் பாதிக்கு மேல் செலவழித்தவர், அல்லது மருத்துவ முடிவெடுப்பதில் கணிசமான பகுதியைச் செய்தவர் பெயரில். நர்ஸ் பிராக்டிஷனர் பெயரில் போனால் மெடிகேர் 85 சதவீதம்தான் தரும், அதனால் டாக்டர் பெயருக்கு இழுக்க ஆசை இருக்கத்தான் செய்யும். டாக்டர்களின் போனஸை ஆர்.வி.யூ.வோடு கட்டிவிட்டு, நர்ஸ் பிராக்டிஷனர்களோடு ஒற்றுமையாக வேலை பார்க்கச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

வகுக்கும் எண்

இங்கே நேரத்தைச் செலவழியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட.

கிளினிக்கை அரை நாள் செஷனாக எண்ணுவது வழக்கம். வாரத்துக்குப் பத்து அரை நாள். ஒருவர் நான்கு செஷன் பார்த்தால் 0.4 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் முழுநேரக் கிளினிக்கல் டாக்டர் யாராவது உங்கள் துறையில் பத்து செஷன் பார்க்கிறாரா? எட்டுதான் பார்ப்பார், மீதி இரண்டில் நோட் எழுதுவார், ரிசல்ட் பார்ப்பார், போர்ட்டலில் வந்த மெசேஜ்களுக்குப் பதில் போடுவார். அப்படியானால் எட்டு செஷன்தான் 1.0. நான்கு என்பது 0.5. துறையில் ஒரு டிவிஷன் பத்தால் வகுத்து, இன்னொரு டிவிஷன் எட்டால் வகுத்தால் ஒப்பீடே செல்லாது, இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. வார்டுக்கும் அதே கதை. வார்டு நோயாளிகளை மட்டும் பார்க்கிற ஹாஸ்பிடலிஸ்ட் ஏழு நாள் வேலை ஏழு நாள் ஓய்வு என்றால் வருஷத்துக்கு 26 வாரம் முழுநேரம். ஒரு ஸ்பெஷலிஸ்ட் எட்டு வாரம் கன்சல்ட் சர்வீஸ் (மற்ற டாக்டர்கள் ஆலோசனை கேட்கிற வார்டு நோயாளிகளைப் பார்ப்பது) பார்க்கிறார், அந்த எட்டை 26-ஆல் வகுப்பதா, 40-ஆல் வகுப்பதா? முதலாவது 0.31, இரண்டாவது 0.20. சரியான விடை என்று ஒன்று இல்லை, ராத்திரி போன் எத்தனை முறை அடிக்கிறது, வார இறுதியும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்தது. டிவிஷன் டாக்டர்களை ஒரு அறையில் உட்கார வைத்து, "ஒரு வாரம் சர்வீஸ் என்றால் இவ்வளவு" என்று ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள், தாளில் எழுதுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

ஆராய்ச்சிப் பங்கை முழுநேரத்திலிருந்து கழிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தருகிற அரசு நிறுவனமான என்.ஐ.ஹெச்.சின் கே அவார்டு (ஆராய்ச்சியாளராக வளர்வதற்கான நிதி) பெற்றவர் பொதுவாக 75 சதவீத நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தாக வேண்டும், சர்ஜன்களுக்குச் சில அவார்டுகளில் 50 சதவீதம் வரை தளர்வு உண்டு. அப்படியானால் மீதி 25-க்குள்தான் கிளினிக், கற்பித்தல், கமிட்டி எல்லாம். அவருக்கு 0.4 என்று உங்கள் ஃபைலில் இருந்தால் ஃபைல் தப்பு, அல்லது அவர் என்.ஐ.ஹெச்.சுக்குக் கொடுத்த வாக்கை மீறிக்கொண்டிருக்கிறார். இரண்டுமே சேர்மனுக்கு உடனே தெரிய வேண்டிய விஷயம்.

ஃபைனான்ஸ்காரர்கள் அடிக்கடி விழுகிற குழி வேறு ஒன்று. கிராண்டிலிருந்து வருகிற சம்பளத்தை மொத்தச் சம்பளத்தால் வகுத்து ஆராய்ச்சிப் பங்கைக் கண்டுபிடிப்பார்கள். என்.ஐ.ஹெச். கொடுக்கிற சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-ல் வருஷத்துக்கு 2,25,700 டாலர். நான்கு லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிற ஒரு கார்டியாலஜிஸ்ட் 30 சதவீத நேரத்தைக் கிராண்டுக்குக் கொடுக்கிறார் என்றால், கிராண்டிலிருந்து வருவது 2,25,700-ல் 30 சதவீதம், 67,710 டாலர். அதை நான்கு லட்சத்தால் வகுத்தால் 17 சதவீதம். மீதி 13 சதவீதத்தை ஃபைல் அவருடைய கிளினிக்கில் சேர்த்துவிடும், அவர் எண் அநியாயமாக விழும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார் என்று அவர் உறுதிசெய்கிற எஃபர்ட் சர்டிஃபிகேஷனில் எழுதிய சதவீதத்தை எடுங்கள், டாலரைத் தொடாதீர்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையான வி.ஏ.வில் பாதி வேலை பார்க்கிறவர்கள் பல துறைகளில் இருப்பார்கள். வி.ஏ. எட்டில் இத்தனை பங்கு என்று கணக்கு வைக்கும், எட்டில் ஐந்து என்பது போல. அங்கே பார்க்கிற நோயாளிகள் யூனிவர்சிட்டி பில்லிங்கில் வரவே மாட்டார்கள். வகுக்கும் எண்ணிலிருந்து அந்த நேரத்தை எடுக்காவிட்டால் அந்த டாக்டர் ஒன்றுமே செய்யாதவர் போலத் தெரிவார். கவுன்டி மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டு ஆள் அனுப்புகிற துறைகளுக்கும் இதே பிரச்சினை வரலாம்.

பிரசவ விடுப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு, ஆண்டின் நடுவில் சேர்ந்தவர், ஜனவரியில் கிராண்ட் கிடைத்தவர், இவர்களுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரே எண் வைத்தால் ஒத்துவராது. மாதத்துக்கு ஒரு வரியாக வையுங்கள். பன்னிரண்டு மடங்கு வேலை போலத் தோன்றும், ஒருமுறை அமைத்துவிட்டால் மாறுகிற வரிகள் மட்டும்தான்.

வெளியிலுள்ள அளவுகோல்

டாக்டர்களின் உழைப்பையும் சம்பளத்தையும் சர்வே எடுத்து வெளியிடுகிற எம்.ஜி.எம்.ஏ., சல்லிவன்காட்டர், மருத்துவக் கல்லூரிகளுக்கென்றே விசியன்ட் நிறுவனமும் அந்தக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யும் சேர்ந்து நடத்துகிற ஃபேகல்ட்டி பிராக்டிஸ் டேட்டா, இப்படிச் சில இருக்கின்றன. எதை எடுத்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். அது எந்த வருஷத்து ஆர்.வி.யூ. பட்டியல், மாடிஃபையரைக் கழித்ததா, முழுநேரக் கிளினிக்கல் என்பதை எப்படி வரையறுக்கிறார்கள். மூன்றாவது உங்களுடையதோடு பொருந்தாவிட்டால் 60-வது பெர்சென்டைல், 40-வது பெர்சென்டைல் என்ற பேச்சுக்கெல்லாம் அர்த்தம் இல்லை. 0.2 மாதிரிச் சின்னப் பங்கு உள்ளவர்களைப் பெர்சென்டைலில் போடவே போடாதீர்கள். 0.05 பிழை வந்தாலே அவர் வரிசையில் எங்கோ போய்விடுவார். அவர்களுக்கு ஒரு செஷனுக்கு எத்தனை ஆர்.வி.யூ. என்று காட்டினால் போதும்.

ஸ்பெஷாலிட்டியைத் தாண்டி ஒப்பிடாதீர்கள். ஹார்மோன் நோய்களைப் பார்க்கிற எண்டோகிரைனாலஜியையும் எண்டோஸ்கோபி செய்கிற காஸ்ட்ரோவையும் ஒரே டேபிளில் போட்டு வரிசைப்படுத்தினால் புரொசீஜர் செய்கிறவர் எப்போதும் மேலே இருப்பார், அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

ஆர்.வி.யூ. பொருந்தாத இடங்கள்

அனஸ்தீசியாவுக்கு ஒர்க் ஆர்.வி.யூ. முறையே இல்லை. ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு அடிப்படை யூனிட், அதோடு 15 நிமிஷத்துக்கு ஒரு நேர யூனிட். கற்றுக்கொடுக்கிற மருத்துவமனையில் சர்ஜன் மெதுவாக இருப்பார், கேஸ் நீளும், ஒரு நாளில் நடக்கிற கேஸ் குறையும், அடிப்படை யூனிட்டும் குறையும். அந்த மெதுவுக்கும் அனஸ்தீசியா டாக்டருக்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே ஆளுக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பதைவிட ஒரு ஆபரேஷன் அறைக்கு, ஒரு மணி நேரத்துக்கு என்று பாருங்கள், அப்போது தாமதம் யாருடையது என்பதும் கொஞ்சம் பிடிபடும்.

சர்ஜன்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு 90 நாள் பார்க்கிற ஃபாலோ-அப் விசிட்டுக்குத் தனி ஆர்.வி.யூ. கிடையாது, 99024 என்று பூஜ்யத்தோடு பதிவாகும். அது ஆபரேஷனின் மதிப்புக்குள் ஏற்கெனவே அடங்கியது. கிளினிக் செஷனை மட்டும் தனியாக அளந்தால் சர்ஜன் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். ராத்திரி ஹாஸ்பிடலிஸ்ட், டிரான்ஸ்பிளான்ட் டீம், புற்றுநோய்க் கேஸ்களைச் சேர்ந்து விவாதிக்கிற ட்யூமர் போர்டில் உட்காருகிறவர்கள், இவர்களுடைய நேரத்தில் கணிசமான பகுதிக்கு பில்லே இல்லை. அங்கே ஷிஃப்ட் எண்ணுங்கள், அல்லது அந்த நேரத்தை வகுக்கும் எண்ணிலிருந்தே எடுத்துவிடுங்கள். கற்பித்தலுக்கும் இதே போல ஒரு புள்ளி முறையைச் சில கல்லூரிகள் உருவாக்கிப் பார்த்திருக்கின்றன. ஒரு லெக்சருக்கு இத்தனை, கமிட்டிக்கு இத்தனை என்று. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, பேரம் பேசுவதிலேயே வருஷம் போய்விடும்.

சேர்மனிடம் கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு டாக்டருக்கும் அவருடைய பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்: மாதவாரியாக ஆர்.வி.யூ., மாதவாரியாகக் கிளினிக்கல் பங்கு, அந்தப் பங்கு எப்படி வந்தது என்ற விவரம். இரண்டு வாரம் அவகாசம். திரும்பி வருகிற மெயில்களில் பெரும்பாலானவை ஆர்.வி.யூ.வைப் பற்றி இருக்காது, "நான் மார்ச்சிலிருந்து வியாழன் கிளினிக்கை விட்டுவிட்டேனே" என்ற வகையில்தான் இருக்கும். திருத்துங்கள். திருத்தக் கேட்டவர்களுக்கு மட்டும் திருத்தினால் கேட்கத் தெரிந்தவர்களுக்கே எண் உயரும், அதனால் கிளினிக் ஷெட்யூலை ஒருமுறை எல்லோருக்கும் நீங்களே சரிபாருங்கள், குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்த ஜூனியர்களுக்கு, அவர்கள் மெயில் போட மாட்டார்கள்.

சேர்மனுக்கான டேபிளில் வகுத்து வந்த எண் மட்டும் இருந்தால் போதாது. பக்கத்திலேயே மொத்த ஆர்.வி.யூ., கிளினிக்கல் பங்கு, ஜி.சி. மற்றும் ஜி.இ. எவ்வளவு சதவீதம், ஒரு செஷனுக்கு எவ்வளவு என்று நான்கு நெடுவரிசையும் இருக்கட்டும். பங்கை 0.05 ஏற்றி இறக்கினால் எண் எங்கிருந்து எங்கே போகும் என்பதையும் சின்ன எழுத்தில் போடுங்கள். 0.5 பங்கும் 3,200 ஆர்.வி.யூ.வும் உள்ளவருக்கு அது சுமார் 5,800-லிருந்து 7,100 வரை ஓடும். அதைப் பார்த்தபிறகும் சேர்மன் ஒன்று, இரண்டு, மூன்று என்று ராங்க் போடச் சொன்னால் போட்டுக் கொடுங்கள், பெயரை எடுத்துவிட்டு.